அலைகளின் வரலாற்றை எழுதும் எதிரொலி

கடல் அலையின் உயரத்தை மனிதர் நெடுங்காலம் கண்ணால்தான் அளந்தார்கள். கப்பல் தளத்தில் நின்றவர் மதிப்பிட்டுப் பதிவேட்டில் எழுதியதே சான்று. அந்தச் சான்றில் இரண்டு பெருங்குறைகள் இருந்தன. புயல் தெரிந்தால் கப்பல் விலகிப் போகும். அதனால் மிகப் பெரிய அலைகள் பதிவேட்டில் அரிதாகவே ஏறின. கப்பல் போகாத கடலுக்கோ பதிவே இல்லை. 1914இல் பனாமா கால்வாய் திறந்த பிறகு ஹார்ன் முனையைச் சுற்றும் பயணங்கள் அருகிப்போயின. உலகிலேயே மிகவும் கொந்தளிக்கும் தென்பெருங்கடல் பார்ப்பாரற்றுக் கிடந்தது. அலைகளின் வரலாறு என்று நம்மிடம் இருந்தது உண்மையில் கப்பல் பாதைகளின் வரலாறுதான்.

எல்லாக் கடல்களுக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டுபோனது ரேடார் உயரமானி. 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் சோதிக்கப்பட்டு, 1975இல் ஜியோஸ்-3 செயற்கைக்கோளில் ஏறிய இக்கருவி, 1978இல் சீசாட்டில் நன்கு முதிர்ந்தது. மின்கோளாறால் சீசாட் சுமார் நூறு நாளில் அடங்கிவிட்டாலும், அந்த நாட்களே வழியைக் காட்டிவிட்டன. கருவி நேர்கீழே ரேடார் துடிப்பை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். கடல் அமைதியாக இருந்தால் எதிரொலி சட்டென்று எழும். அலை இருந்தால் முகடுகளில் பட்டது முதலில் திரும்பும், பள்ளங்களில் பட்டது சற்றுப் பிந்தி வரும். எதிரொலி மெல்ல மெல்லத்தான் உயரும். அந்த ஏற்றம் எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ, அலை அவ்வளவு பெரிது. கடல்மட்டத்தைத் துல்லியமாக அறிவதற்கு இடையூறாகத் தோன்றிய இந்த நீட்சிதான் அலையை அளக்கும் சான்றாயிற்று.

இது ஒற்றை அலையைக் காட்டாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1995 ஜனவரி 1 அன்று வடகடலின் டிராப்னர் எரிவாயு மேடையில் பதிவான 25.6 மீட்டர் அலையை எந்த உயரமானியும் தனியே பிரித்துச் சொல்லாது. பல கிலோமீட்டர் அகல வட்டத்தின் மொத்த நிலையைத்தான் அது தருகிறது. ஆனால் அந்த மொத்த நிலைக்கு ஒரு மரபு உண்டு. இரண்டாம் உலகப்போரில் படைகளைக் கரையிறக்க அலைக் கணிப்பு தேவைப்பட்டபோது, கடலியலாளர்கள் ஸ்வெர்ட்ரப்பும் மங்க்கும் அலைகளுள் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரியை அளவாகக் கொண்டார்கள். தேர்ந்த மாலுமியின் கண் மதிப்பிடுவது ஏறத்தாழ அதைத்தான். உயரமானி தருவதும் அதே அளவு. பழைய பதிவேடும் புதிய எதிரொலியும் ஒரே அலகில் பேசுவதால்தான், வட அட்லாண்டிக்கில் 2011 பிப்ரவரியில் ஜேசன்-2 செயற்கைக்கோள் கண்ட 20.1 மீட்டரின் பொருள் நமக்கு உடனே விளங்குகிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பல செயற்கைக்கோள்களின் அளவுகளை ஒட்டவைத்து நீண்ட காலப் போக்கைச் சொன்னால், கருவிகளின் வேறுபாடே கடலின் மாற்றமாகத் தோன்றாதா? தோன்றும். டோபெக்ஸ் செயற்கைக்கோளின் உயரமானி 1990களின் பிற்பகுதியில் தேய்ந்தபோது அதன் அலை உயரக் கணக்கும் மெல்ல நகர்ந்தது. 1999இல் மாற்றுக் கருவிக்குத் தாவ வேண்டியிருந்தது. 1985 முதல் 2018 வரையிலான 31 செயற்கைக்கோள்களின் தரவை யங், ரிபால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2019இல் ஆராய்ந்து, தென்பெருங்கடலில் மிகப் பெரிய அலைகள் சுமார் 30 செ.மீ. உயர்ந்ததாகக் கூறினார்கள். அளவைத் திருத்தும் முறை மாறினால் இத்தகைய போக்கும் மாறுவதைப் பிற ஆய்வுகள் காட்டின. இதனால் முயற்சியே வீண் என்றாகிவிடாது. பிழை இருப்பதை அறிய முடிந்ததே, மிதவைகளோடும் மற்றச் செயற்கைக்கோள்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்ததால்தான். 2020இல் ஏவப்பட்ட சென்டினல்-6, ஜேசன்-3க்கு அரை நிமிட இடைவெளியில் அதே பாதையில் பறந்ததும் இந்தச் சரிபார்ப்புக்காகத்தான்.

ஆகவே இந்த வரலாற்றின் பெருமையைத் தனி ஒரு கருவிக்குக் கொடுப்பதற்கில்லை. ஒன்று ஓயுமுன் அடுத்தது வந்து சேரும் தொடர்ச்சியும், கீழே கடலில் மிதந்து சாட்சி சொல்லும் மிதவைகளும் சேர்ந்தே அதை நம்பத்தக்கதாக்குகின்றன. 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்திய-பிரெஞ்சு சரல் செயற்கைக்கோளும் இத்தொடரில் ஒரு கண்ணி. இத்தொடர் நம் கரைக்கும் வேண்டியது: தென்பெருங்கடலில் எழும் அலை கேரளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் கள்ளக்கடலாக வந்து, காற்றில்லாத நாளிலும் குடிசைகளைச் சூழ்கிறது. புதிய செயற்கைக்கோளுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் மிதவைகளைப் பராமரிக்கவும், பழையதும் புதியதும் சேர்ந்து பறக்கும் காலத்துக்கும் ஒதுக்கத் தவறினால், நாளை வரும் ஆய்வாளருக்கு எண்கள் குவியும். அவற்றை நம்பிக் கரையோர மக்களுக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.