சிங்கப்பூரின் சாப்பாட்டுத் திருவிழாவும் தள்ளுவண்டிக்காரர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவர்கள் அனுப்புகிற படங்களில் முக்கால்வாசி சாப்பாட்டுப் படங்கள்தான். அங்கே 1994 முதல் உணவுத் திருவிழா நடந்து வருகிறது. 2010களில் காக்டெயிலுக்கும் தனியாக ஒரு திருவிழா தொடங்கினார்கள். பாண்டான் இலை, பனைவெல்லம், சின்ன எலுமிச்சை என்று உள்ளூர்ச் சரக்கையெல்லாம் கலந்து கண்ணாடிக் கோப்பையில் தருகிறார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் இவற்றையெல்லாம் சுற்றிப் பார்த்தேன்.

"மதுவைத் தொடாத சார் காக்டெயிலைப் பற்றி எழுதுகிறாரே" என்று சிலர் சிரிப்பீர்கள். முப்பது வருடம் வாட்டர்லூ போரை நடத்தினேன். ஒரு நாளும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. வரலாற்று ஆசிரியனுக்கு அந்த உரிமை உண்டு.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு நகரத்தின் விருந்தைச் சுவைக்கும்போது, அதைச் சமைத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அந்த நகரம் அவர்களை எப்படி நடத்தியது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்கான பதில் தட்டிலேயே இருக்கிறது.

முதலில் பணக்கணக்கு. 1819இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அங்கே ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஒரு வணிக நிலையம் அமைத்தார். சுங்க வரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்ததால் கப்பல்கள் குவிந்தன. ஆனால் வரி இல்லாமல் அரசாங்கம் எப்படி நடக்கும்? காவலருக்கும் சாலைக்கும் பணம் வேண்டுமே. 1820லிருந்தே அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமைகளை ஏலம் விட்டார்கள். பிறகு கள்ளும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசின் வருவாயில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து மட்டுமே வந்தது. மூட்டை தூக்கிய சீனக் கூலி பிடித்த அபினும், சாலை போட்ட தமிழ்க் கூலி குடித்த கள்ளும் அந்த அரசுக்கு வருமானம். மாலையில் உடம்பு வலிக்கு அவர்கள் தேடிய மருந்துதான் காலையில் அரசாங்கத்தின் கஜானா.

இந்தப் பின்னணியோடு புகழ்பெற்ற 'சிங்கப்பூர் ஸ்லிங்' பானத்துக்கு வருவோம்.

1887இல் ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தார்கள். அங்கே மதுக்கூடத்தில் வேலை பார்த்த நியாம் தோங் பூன் என்ற ஹைனான் தீவுச் சீனர் 1915இல் இந்தப் பானத்தை உருவாக்கினார் என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. மேட்டுக்குடிப் பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது அன்று தகாத செயல். பழச்சாறு போலத் தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தால் யாருக்கும் தெரியாது. அதுதான் சூட்சுமம் என்கிறார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஸ்லிங்' என்ற பான வகை அதற்கு நூறாண்டுக்கு மேல் பழையது. 1900களின் தொடக்கத்திலேயே சிங்கப்பூர்ச் செய்தித்தாளில் இளஞ்சிவப்பு ஸ்லிங் பற்றிய பேச்சு வந்துவிட்டது. ஆக, அந்த மனிதர் செய்தது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு என்பதைவிட, ஊரில் புழங்கிய ஒன்றுக்கு அவர் கொடுத்த கைப்பக்குவம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பிரியாணிக் கடைகள் எல்லாமே "நாங்கள்தான் முதல்" என்று சொல்வதில்லையா!

எனக்கு அந்தக் கோப்பையில் பிடித்தது அதன் சரக்குப் பட்டியல்தான். ஆங்கிலேயர் விரும்பிய ஜின், டென்மார்க்கின் செர்ரி மது, பிரான்சின் ஆரஞ்சு மதுவும் மூலிகை மதுவும், மேற்கிந்தியத் தீவான டிரினிடாடின் கசப்புச் சாறு, இந்தப் பக்கத்து அன்னாசியும் எலுமிச்சையும். ஒரு துறைமுகத்துக்கு எங்கெங்கிருந்து கப்பல் வரும் என்று கேள்வித்தாளில் கேட்டால் இந்தப் பட்டியலையே விடையாக எழுதலாம்.

சரி, ஹைனான்காரர் ஏன் மதுக்கூடத்தில் நின்றார்? ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் பேசும் சீனர்கள் முன்னதாகவே வந்து வணிகத்தைப் பிடித்துவிட்டார்கள். பிந்தி வந்த ஹைனான்காரர்களுக்கு மிஞ்சியது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல், எடுபிடி, ஹோட்டல், கப்பல் வேலைகள். இந்தப் பணியாட்கள்தான் எசமானரின் ரொட்டியையும் காப்பியையும் கற்றுக்கொண்டார்கள். பிறகு தங்கள் கையால் சின்னச் சின்னக் காப்பிக் கடைகள் போட்டார்கள். கொட்டையை வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து வறுத்து, நீளமான துணிப் பையில் வடிகட்டும் அந்த 'கோப்பி', தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய 'காயா' தடவிய ரொட்டி, ஊர் நினைவில் பிறந்த கோழிச் சோறு எல்லாம் அவர்கள் கொடை. இன்று சிங்கப்பூரின் முத்திரை உணவு எது என்று கேட்டால் பலரும் கோழிச் சோறு என்றுதான் சொல்வார்கள். வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் போனவர்களின் பெயரைச் சுமக்கிற உணவு அது.

நம்மவர்கள் கதையும் இதேதான். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று நம் வட்டாரத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் "அப்பா சிங்கப்பூரில்" என்று சொல்லும் பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா விடுமுறையில் வந்து போன வாரம் முழுக்க வகுப்பே கோடாலித் தைலம் மணக்கும்.

அங்கே போன தமிழ் முஸ்லிம்கள் ஆக்கிய 'மீ கோரிங்' உணவைப் பாருங்கள். 'மீ' என்பது ஹொக்கியன் சீனத்தில் நூடுல்ஸ். 'கோரிங்' என்பது மலாயில் வறுவல். மஞ்சள் நூடுல்ஸில் உருளைக்கிழங்கும் முட்டையும் ஆட்டுக்கறியும் சேர்த்து, தக்காளியும் மிளகாயும் விட்டுச் சிவக்கப் பிரட்டியது தமிழ்க் கை. பெயரில் இரண்டு மொழி, கரண்டியில் மூன்றாவது மொழி! இந்த உணவு நம் ஊரில் கிடையாது, சீனாவிலும் கிடையாது. அந்தத் தெருவில்தான் பிறந்தது.

நம் இடியாப்பம் அங்கே 'புட்டு மாயம்' என்ற பெயரில் தேங்காய்ப்பூவோடும் சர்க்கரையோடும் கூடையில் ஏறித் தெருத்தெருவாகப் போனது. வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு வகைகளைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தரும் 'கச்சாங் பூத்தே' வண்டிகளைத் திரையரங்கு வாசல்களில் தள்ளிக்கொண்டு நின்றவர்கள் நம் தமிழர்கள். மீன் தலைக் கறியோ, 1950ஐ ஒட்டி எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி சமைக்கத் தொடங்கியது. மீன் தலையை விரும்பிச் சாப்பிடுபவர்கள் சீனர்கள். அதை நம் பக்கத்துப் புளிக்குழம்பில் போட்டார். நம் ஊர் உணவகங்களில் அன்று ஒதுக்கித் தள்ளிய தலைக்கு அங்கே மகுடம் சூட்டினார்கள்.

தமிழர்களின் தேக்கா சந்தையும் அதே 1915இல்தான் எழுந்தது. 'தேக்கா' என்பது மூங்கில் புதரின் அடிவாரம் என்ற பொருள் தரும் ஹொக்கியன் பெயர். இப்போதிருக்கும் தேக்கா நிலையம் 1982இல் சாலைக்கு இந்தப் பக்கம் கட்டியது. ஒரே வருடம், ஒரே ஊர். அங்கே ராஃபிள்ஸில் இளஞ்சிவப்புக் கோப்பை, இங்கே சந்தையில் மீனும் கறியும். கோப்பைக்கு ஒரு கதையும் ஆண்டும் ஆளின் பெயரும் உண்டு. முதல் மீ கோரிங் யார் கையால் வந்தது? பெயர் இல்லை.

பெயர் இல்லாதது மட்டுமல்ல, நிற்க இடமும் இல்லை. காலனி ஆட்சிக் காலம் முழுவதும் தெருவோர வியாபாரிகளை அதிகாரிகள் பெருந்தொல்லையாகத்தான் பார்த்தார்கள். சாலையை அடைக்கிறார்கள், கழிவை வாய்க்காலில் கொட்டுகிறார்கள், காலராவும் டைபாய்டும் பரவுகிறது என்றெல்லாம் புகார். அதில் உண்மையும் இருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லாத வண்டியில் நூறு பேர் தட்டை ஒரே வாளியில் கழுவினால் வேறென்ன நடக்கும்? 1950இல் இதற்கென்றே ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். ஆனால் போருக்குப் பிந்தைய வேலையில்லாத் திண்டாட்டத்தில் ஒரு வண்டியும் ஒரு அடுப்பும்தான் ஏழைக்குக் கைமுதல். விரட்டினால் அடுத்த தெருவில் நிற்பார்கள்.

சுதந்திர சிங்கப்பூர் வேறு வழி எடுத்தது. 1968-69இல் வியாபாரிகளையெல்லாம் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தார்கள். 1971லிருந்து 1986 வரை பதினைந்து ஆண்டுகளில், தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களைக் குடியேற்றினார்கள். தெருவின் கலகலப்பு போய்விட்டது என்று வருந்தியவர்களும் உண்டு. ஆனால் பிழைப்பு போகவில்லை. விரட்டுவதற்கும் இடம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆட்சியாளர்கள் அங்கே போய்ப் பார்த்துப் படிக்கலாம்.

இன்று அப்படிப்பட்ட நிலையங்கள் 110க்கும் மேல் இருக்கின்றன. 2016இல் அங்காடிக் கடைகள் இரண்டுக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. தெருவுணவுக்கு அந்தப் பெருமை கிடைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் அங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தொல்லை என்ற பட்டியலிலிருந்து மரபு என்ற பட்டியலுக்கு வர எழுபது வருடம்!

ஆனால் எனக்கு ஒரு கவலை. அங்காடிக்காரர்களின் வயது இன்று சராசரியாக அறுபதை ஒட்டி நிற்கிறது. விடியற்காலையில் எழுந்து, நாள் முழுக்க நெருப்பின் முன் நிற்கிற வேலை. "நீயாவது குளிரூட்டிய அறையில் உட்கார்" என்றுதான் அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நாமும் அதைத்தானே செய்தோம்! இன்னொரு பக்கம், காக்டெயிலுக்கு முகம் சுளிக்காமல் பணம் கொடுக்கும் மக்கள், நூடுல்ஸ் விலை ஐம்பது காசு கூடினால் புலம்புகிறார்கள். ராஃபிள்ஸில் ஒரு ஸ்லிங் விலையில் அங்காடியில் ஒரு குடும்பமே சாப்பிடலாம். கச்சாங் பூத்தே வண்டிகளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். விழா எடுக்கத் தெரிந்த நகரத்துக்கும் சமைப்பவரின் கை ஓய்வதை நிறுத்தத் தெரியவில்லை.

கள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்த் தொழிலாளிக்கான அந்தக் கள்ளுக்கடைகள் 1970களின் இறுதியில் மூடப்பட்டன. நல்லதுதான். கூலி வீடு வந்து சேராத குடும்பங்களின் கண்ணீர் அதில் இருந்தது. ஆனால் இன்று அதே தென்னையிலிருந்து இறக்கிய இலங்கைச் சாராயத்தைச் சில மதுக்கூடங்களில் அழகான கோப்பையில் கலந்து தருகிறார்கள். குடிப்பவர் மாறினால் பானத்தின் மரியாதையும் மாறிவிடுகிறது.

இனி போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கிளாஸ்கோவில் வார்த்த இரும்பைக் கொண்டு 1894இல் எழுப்பிய லாவ் பா சாட் எண்கோணச் சந்தையைப் பாருங்கள். மாலையில் பக்கத்துத் தெருவை அடைத்து சாத்தே சுடுவார்கள். புகையோடு சாப்பிடுவதுதான் சுகம். நாற்காலியில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், உட்காராதீர்கள். நம் பேருந்தில் துண்டு போடும் அதே சாத்திரம்! சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துக் கொண்டுபோய் வையுங்கள், இப்போது அது சட்டம். முக்கியமாக, முதியவர் நிற்கும் கடையில் பேரம் பேசாமல் வாங்கி, "நன்றாக இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். வாத்தியார் பழக்கம் போகுமா! உங்கள் குடும்பத்தில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வண்டி தள்ளிய, பரோட்டா வீசிய, டீ ஆற்றிய தாத்தா இருந்தால், அவர் எந்தத் தெருவில் நின்றார், என்ன விற்றார், மசாலாவில் எது எவ்வளவு போட்டார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கோப்பைக்குப் பெயர் கொடுக்க ஒரு ஹோட்டல் இருந்தது. இந்தத் தட்டுக்குப் பெயர் கொடுக்க நாம்தான் இருக்கிறோம். எழுதியதைக் கீழே பதிவிடுங்கள். திருத்தி மதிப்பெண் போடக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்