செரண்டிப் சிறு ஆந்தை

ஓட்டஸ் திலோஹாஃப்மன்னி என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்த ஆந்தை, இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத் தாழ்நில மழைக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. சிங்களத்தில் ‘பண்டுவன் பஸ்ஸா’ என்பார்கள். நீளம் சுமார் 16.5 செ.மீ. செம்பழுப்பு உடலெங்கும் சிறு கரும்புள்ளிகள், வால் குட்டை. தீவில் உள்ள மற்ற இரு ஓட்டஸ் பேரின ஆந்தைகளுக்கும் உள்ள காதுக் கொண்டை இதற்கு இல்லை.

இது முதலில் அகப்பட்டது கண்ணுக்கல்ல, காதுக்கு. 1995இல் கித்துள்கலைக் காட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட இருட்டில் ஒரு குரலைக் கேட்டார். மென்மையான ஒற்றை ஒலி. அடுத்த ஒலி வர நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அவர் அறிந்த எந்தப் பறவையின் குரலோடும் அது பொருந்தவில்லை. பின்னர் சிங்கராஜ வனத்திலும் அதே குரல் கேட்டது. ஆளைப் பார்க்க 2001 ஜனவரி 23 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அன்றுதான் சிங்கராஜாவில் ஆந்தை கண்ணில் பட்டது. பறவை நோக்குவோர் ஆண்டுதோறும் வந்துபோகும் காட்டில் இது இத்தனை காலம் தப்பியிருந்தது வியப்புதான். அந்தி மயங்கிய பிறகு தரையை ஒட்டிய புதர்களில் பூச்சி பிடித்துத் தின்னும், அதிகம் கத்தாத பறவை வேறு எப்படி அகப்படும்?

2004இல் வாரகாகொடவும் அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனும் பிரித்தானியப் பறவையியலாளர் கழகத்தின் இதழில் இதைப் புதிய இனமாக விவரித்தார்கள். 1868இல் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி கண்டறியப்பட்டபின் தீவில் கிடைத்த முதல் புதிய பறவை இதுவே.

இனப்பெயர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த இயற்கைப் பாதுகாவலர் திலோ ஹொஃப்மனைக் குறிக்கிறது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராஜாவில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டியபோது, அதை நிறுத்தப் போராடியவர்களில் முன்னின்றவர் அவர். அப்போது அந்த ஆந்தை அங்கிருப்பது அவருக்குத் தெரியாது. அவர் காத்த காட்டிலிருந்தே அது வெளிப்பட்டதால் பெயர் வெறும் மரியாதையாக நின்றுவிடவில்லை. வெட்டு 1970களின் இறுதிக்குள் நின்றது. 1988இல் யுனெஸ்கோ அந்த வனத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கன்னெலிய, மொரப்பிட்டிய-ருணகந்த, கிலிமலை-எரத்ன காடுகளிலும் இவ்வாந்தை பதிவாகியிருக்கிறது. இவை தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் சூழ்ந்த துண்டுக்காடுகள் என்பதால் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. சிங்கராஜாவின் உள்ளூர் வழிகாட்டிகள் பகலில் இது உறங்கும் புதர்களைத் தேடிப்பிடித்துப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள்.