நெசவும் நாணய வாணிபமும்

வாணிபத்திற்குத் தருமம் உண்டோ என்னும் வினா, இக்காலத்துச் சர்வகலாசாலைகளில் பெரியதோர் ஆராய்ச்சித் துறையாக வளர்ந்துள்ளது. வியாபாரிகளின் சமூகக் கடமைகளைக் குறித்து ஹவார்டு போவன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1953-ஆம் ஆண்டில் ஒரு நூல் இயற்றினார். பின்வரும் சந்ததியாரின் தேவைக்கு ஊறு நேராவண்ணம் இக்காலத்தார் வாழ்தலே நிலைத்த வளர்ச்சி என்று, நார்வே தேசத்துப் புருண்ட்லாந்து அம்மையார் தலைமை வகித்த சபை 1987-இல் வரையறுத்தது. இவ்விரண்டும் சேர்ந்தே இன்று ‘பொறுப்புள்ள வாணிபம்’ எனப் பேசப்படுகின்றன. நெசவை ஜீவனமாகக் கொண்ட நம்மவர்க்கு இப்பொருள் புதிதன்று என்பதைச் சரித்திரங்கொண்டு ஆராய்வோம்.

மத்தியப் பிரதேசத்து மந்தசோரில், அதாவது பண்டைத் தசபுரத்தில், கிடைத்த குப்தர் காலச் சாசனம் ஒன்றுண்டு. லாட தேசத்தினின்று அவ்வூருக்குக் குடியேறிய பட்டு நெசவாளர் தம் தொழிற்சங்கப் பொருளைக் கொண்டு கி.பி. 437-இல் சூரியனுக்கு ஆலயம் எடுத்தனர். அது பழுதுற்றபோது 473-இல் அச்சங்கத்தாரே புதுப்பித்தனர். அவர்கள் நெய்த பட்டின் சிறப்பையும் அச்சாசனம் புகழ்கின்றது. தென்னாட்டுச் சௌராஷ்டிரர் வரலாற்றை எழுதுவோர் பலர் இதனின்றே தொடங்குவர். ஈண்டு நாம் கருதவேண்டுவது யாதெனில், சரக்கின் புகழும் அதனை நெய்தாரின் பெயரும் ஒரே கல்லில் நின்றன என்பதே.

பிற்காலத்தில் இவ்விரண்டும் பிரிந்தன. நூலும் முன்பணமும் கொடுத்தவன் துணியைத் தன் விலைக்கு எடுத்துக்கொள்ள, நெய்தவன் கடனில் ஆழ்ந்தான். வாங்குவோர்க்குக் கடைக்காரனைத் தெரியும். தறிக்குழியில் அமர்ந்தவனைத் தெரியாது. இக்கேட்டிற்கு மாற்றாக எழுந்ததே கூட்டுறவு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு கடை திறந்து, கலப்பற்ற சரக்கும் சரியான எடையும் தருவதை விதியாகக் கொண்டனர். சென்னை மாகாணத்தில் பிரெடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கை இம்முறையை எடுத்துரைத்தது. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு இடந்தந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்திக்கும் விற்பனைக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. அதன்பின் 1935-இல் தோன்றியதே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் தலைமைச் சங்கம். வைகையின் இருகரையிலும் தறியோசை கேட்கும் நம் பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் பல நெசவாளர் சங்கங்கள் வளர்ந்தது இவ்வழியிலேயாம்.

விசைத்தறி பெருகியபின் போலிச் சரக்கு வந்து மோதிற்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. முதலில் 22 வகைகள். பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, மதுரைச் சுங்கடி 2005-இல் அக்காப்பைப் பெற்றது. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. இவை யாவும் நற்காரியங்களே. ஆயினும் இம்முத்திரைகள் துணிக்குச் சாட்சி கூறுமேயன்றி, நெய்தவனுக்குக் கிடைத்த கூலிக்குச் சாட்சி கூறா.

அக்கூலியின் நிலை யாது? 2019-20-ஆம் ஆண்டில் எடுத்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, இத்தொழிலில் 35 லட்சத்திற்கு மேற்பட்டோர் உளர். இக்குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இருபங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. அத்தொழிலை மகன் கற்க எந்தத் தந்தை விரும்புவான்? நிலைத்த வாணிபம் எனில், செய்வாரும் நிலைத்திருத்தல் வேண்டுமன்றோ?

இம்மின்னணு யுகத்தில் இதற்கு ஒரு புதிய உபாயம் கைகூடியிருக்கின்றது. வங்காள தேசத்தில் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, 1,100-க்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். தம் உடை எவர் கையால் எந்நிலையில் ஆயிற்று என்று மேல்நாட்டார் அதன்பின் உரத்துக் கேட்கலாயினர். 2024-ஆம் ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சட்டமொன்று, ஒரு பொருளின் வரலாற்றைக் கணினி வழி அறிவிக்கும் கடவுச்சீட்டுக்கு வழிசெய்துள்ளது. முதலில் கவனிக்கப்படும் சரக்குகளுள் துணியும் ஒன்று. நம் நாட்டிலோ, பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள 1,000 கம்பெனிகள் தம் பொறுப்பைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டுமென்னும் விதி 2022-23 முதல் கட்டாயமாயிற்று.

ஆயின் ஒன்று நினைவிலிருத்தல் வேண்டும். ஓலையிலெழுதிய பொய்யும் கணினியிலெழுதிய பொய்யும் பொய்யே. கைபேசியைக் காட்டியவுடன் கணக்குரைக்கும் கியூ.ஆர். குறியீடு, முதற்பதிவு மெய்யாயிருந்தாலன்றிப் பயன்படாது. அம்முதற்பதிவு நிகழுமிடம் தறி. அதனை இடைத்தரகனும் தூரதேசத்துக் கம்பெனியும் எழுதினால், பழைய நூல்முதலாளியின் பேரேடே வேற்றுருவில் திரும்பும்.

ஆதலின் நம் சங்கங்கள் இப்பணியைத் தாமே மேற்கொள்ளுதல் நலம். சேலை ஒவ்வொன்றிற்கும் நூல் எவ்வகை, நெய்ய எத்தனை நாள், கூலி எவ்வளவு என்பவற்றை எழுதிவைத்து, நெய்தவர் இசைந்தால் அவர் பெயரையும் சேர்த்து, வாங்குவோர் காணச் செய்யலாம். கோ-ஆப்டெக்ஸ் நிலையத்தார் நெய்தவரின் படத்தைச் சேலையுடன் இணைத்து விற்றதும் உண்டு. அத்துடன் கூலிக்கணக்கும் சேருமாயின் முறை முழுமை பெறும். கணினி பயின்ற நம் இளைஞர் பலர் வெளியூர்களில் பிறர் கணக்கை எழுதி வாழ்கின்றனர். அவர்களிற் சிலரேனும் தம் ஊர்ச் சங்கத்தின் ஏட்டை ஏற்று நடத்த முன்வருவாராக. பெரியோர் அதற்கு ஆதரவளிப்பாராக.