ஐந்தாம் கட்டளையும் ஒரு தொலைக்காட்சித் தொடரும்

குற்றக்கதை என்றதும் கொன்றவன் யார் என்னும் கேள்வியே நம் மனத்தில் எழுகிறது. விடை தெரிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உணவருந்தச் செல்கிறோம். இறந்தவரை அதற்குள் மறந்தும்விடுகிறோம். இக்கேள்வியையே ஒதுக்கிவைத்த ஒரு படைப்பு, 1980களின் இறுதியில் போலந்து நாட்டுத் தொலைக்காட்சிக்காக உருவானது.

பத்துக் கட்டளைகளை அடிப்படையாகக் கொண்ட பத்துப் படங்கள்; 'டெக்கலாக்' என்பது தொடரின் பெயர். இயக்கியவர் கீஸ்லோவ்ஸ்கி. உடன் எழுதிய பியேசேவிச் ஒரு வழக்கறிஞர். இவர்களை இணைத்தது நீதிமன்றமே. 1981 டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபின், அரசியல் வழக்குகளின் விசாரணையைப் படமாக்க முயன்றார் கீஸ்லோவ்ஸ்கி. படக்கருவி இருந்த அறையில் நீதிபதிகள் தண்டனை வழங்கத் தயங்கினார்களாம்! 1984இல் கொலையுண்ட போபியெலுஸ்கோ அடிகளாரின் வழக்கில், பாதிக்கப்பட்டோர் தரப்பில் நின்றவர்களுள் பியேசேவிச்சும் ஒருவர். கட்டளைகளைப் படமாக்கும் எண்ணமும் அவருடையதே.

ஐந்தாம் படத்தில் மறைபொருள் ஏதுமில்லை. யாட்செக் என்னும் இளைஞன் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரைக் கயிற்றாலும் கல்லாலும் கொல்கிறான். ஏன் என்பதற்குத் தெளிவான காரணம் சொல்லப்படுவதில்லை. இறந்தவரும் நல்லவராகக் காட்டப்படவில்லை. காத்திருப்போரை ஏற்றாமல் போகிறவர், ஆயினும் தம் உணவைத் தெரு நாய்க்குக் கொடுக்கிறவர். கொலை எளிதில் முடிவதில்லை. ஓர் உயிரைப் பறிப்பது எத்துணைக் கடுமையான வேலை என்று கண்கூசும்படி உணர்கிறோம். பின்னர் அரசு அவனைத் தூக்கிலிடுகிறது. தூக்குமேடையின் பொறி முன்னதாகவே சரிபார்க்கப்படுகிறது. முதற் கொலையைப் பார்த்த அதே கண்களால் இதையும் பார்க்க நேர்கிறது. இப்படத்தின் மேன்மை இதில்தான் உள்ளது என்பது நம் கருத்து.

இறுதி வேளையில் அவன் தன் வழக்கறிஞரிடம் தங்கையைப் பற்றிப் பேசுகிறான். அவனோடு குடித்த நண்பன் ஓட்டிய டிராக்டரில் சிக்கி இறந்த சிறுமி அவள். அவளது புதுநன்மைப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தான்; அது தன் தாயிடம் சேர வேண்டும் என்கிறான்.

இதன் நீண்ட வடிவம் 1988இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பரிசைப் பெற்றது. போலந்தின் கடைசித் தூக்குத் தண்டனை அவ்வாண்டு ஏப்ரலில்தான் நிறைவேறியது. 1997இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம் அத்தண்டனையை நீக்கியது.

தூக்கறையில் ஒரு குருவும் நிற்கிறார். அவரை வேற்றாளாக எண்ண நம்மால் இயலவில்லை. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் மரண தண்டனையை முற்றிலும் விலக்கவில்லை. அதற்கான தேவை மிக மிக அரிது என்று 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். அது ஏற்கத்தகாதது என அந்நூலின் வாசகத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றியது 2018இல். படம் வெளிவந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.