சாமியாட்டமும் நடன சிகிச்சையும்

நம்ம தாமிரபரணிக் கரையில சுடலைமாடன் கோயில் கொடைன்னா கணியான் கூத்து இருக்கும். மகுடத்தோட அடி ஏற ஏற சாமியாடிக்கு அருள் வரும். அதனால மனச்சிதைவு நோய்க்கு நடன சிகிச்சைன்னு நான் சொன்னா, சிலருக்கு சாமியாட்டம்தான் ஞாபகம் வருது. ரெண்டும் வேற.

1942-ல் வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் இந்த வேலையைத் தொடங்கினார். மனச்சிதைவுக்குன்னு மாத்திரை இல்லாத காலம். குளோர்புரோமசின் 1952-ல்தான் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. பேச்சு நின்னுபோனவர் கையை லேசா அசைச்சா, சேஸும் அதேபோல அசைப்பார். 'உங்களைக் கவனிக்கிறேன்'னு பேசாமலே சொல்ற பதில் அது. அப்புறம் வட்டமா நின்னு எல்லாரும் சேர்ந்து அசைவாங்க. சாமியாட்டத்துல ஆள் மறைஞ்சு சாமி வருது. இங்கே ஒதுங்கிப்போன ஆளைத் திரும்பக் கூப்பிடுறாங்க. 1966-ல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் உருவானப்போ முதல் தலைவர் சேஸ்தான்.

நம்ம மாநிலத்தில், மருந்தோட மறுவாழ்வும் வேணும்னு வலியுறுத்தியவர் டாக்டர் சாரதா மேனன். 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். காதில் கேட்கிற குரல்களை மருந்து பெரும்பாலும் அடக்கும். உணர்ச்சி வத்திப்போறதுக்கும் ஒதுங்கி இருக்கிறதுக்கும் அது அவ்வளவா உதவாது. நடன சிகிச்சை கைகொடுக்கப் பார்க்கிறது அங்கேதான்.

ஆனா ஆதாரம் இன்னும் குறைவு. 2013-ல் காக்ரேன் ஆய்வாளர்கள் தேடினப்போ தேறினது ஒரே ஆய்வு, 45 பேர். அதனால வீட்டில் இப்படி ஒருத்தர் இருந்தா, ஆடட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.