வாசல் தேடி வந்த தாதி

“தாயும் சேயும் நலம்.” இந்த ஒரு வரியைக் கேட்டதும் குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. ஆனால் ஆபத்து அத்துடன் முடிந்துவிடுவதில்லை. உதிரப்போக்கு, காய்ச்சல், தொப்புள்கொடிப் புண், மனச்சோர்வு எல்லாம் பிரசவத்துக்குப் பிந்திய நாட்களில்தான் வருகின்றன. அந்த நாட்களில் தாயை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? சிங்கப்பூரின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு நல்லதொரு பதில் இருக்கிறது.

சிராங்கூன் சாலை வட்டாரத்தில் இந்தியர்கள் மாடு வளர்த்த காலத்தை நினைவூட்டும் பெயர், கண்டாங் கெர்பாவ். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். அங்கிருந்த மருத்துவமனை 1924ல் மகப்பேற்று மருத்துவமனையானது. நகரத்துப் பெண்களுக்கு அது பெரிய வரம். சுவா சூ காங் பெண்களுக்கோ அது எட்டாத தூரம். அன்று அது தோட்டங்களும் கம்பங்களும் நிறைந்த கிராமப்புறம். பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையுடன் மண்பாதையில் நடந்து, மருத்துவமனைக்கு வந்துபோக முடியுமா?

1920களில் சிங்கப்பூரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அந்தச் சூழலில், 1926ல் இங்கு வந்தார் ஐடா சிம்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் சுகாதாரத் தாதி. தாய்மார்கள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கம்பங்களுக்குத் தாமே சென்றார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் வீடு வீடாகச் சென்று குழந்தையைப் பார்த்தார்கள். தாய்க்குச் சுத்தத்தையும் பராமரிப்பையும் சொல்லிக்கொடுத்தார்கள். தாய் சேய் நல நிலையங்கள் கிராமப்புறத்தில் ஒவ்வொன்றாக எழுந்தன. 1948ல் அவர் ஓய்வு பெற்றார். 1950ல் சிங்கப்பூரின் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 82 ஆகக் குறைந்திருந்தது. குடிநீர், உணவு, மருந்து எனக் காரணங்கள் பல உண்டு. வாசலுக்கு வந்த தாதியின் பங்கும் அதில் சிறிதல்ல.

அதே 1926ல் இலங்கையின் களுத்துறையிலும் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பிரசவித்த தாயின் வீட்டுக்கே மருத்துவ மாது செல்லும் வழக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவி, இன்றும் தொடர்கிறது.

1966ல் கண்டாங் கெர்பாவில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. சராசரியாக நாளுக்கு நூறுக்கும் மேல்! கின்னஸ் புத்தகம் வரை போன சாதனை அது. கட்டில்கள் போதாததால், சுகப்பிரசவம் கண்டவர்கள் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் கைவிடப்படவில்லை. மருத்துவச்சிகள் அவர்களைத் தேடி வீட்டுக்குச் சென்றார்கள்.

இன்று சுவா சூ காங்கில் அடுக்குமாடி வீடுகள், எம்ஆர்டி, பலதுறை மருந்தகம் எல்லாம் உண்டு. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டுதான். தூரம் ஒழிந்துவிட்டதா? மண்பாதை ஒழிந்தது. வேறு தூரங்கள் இருக்கின்றன. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தமிழகத்திலிருந்து மணமாகி வந்த பெண்ணுக்கு இங்கே தாய்வீடு ஏது? குடியுரிமையோ நிரந்தரவாசமோ கிடைக்காதவருக்கு மருத்துவ மானியமும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் சம்பளத்தை இழக்கும் கணவர், பார்த்துக்கொள்ள ஆளில்லாத மூத்த பிள்ளை, சொல்லத் தெரியாத மனச்சோர்வு. இப்படிப்பட்ட தாய்க்குப் பக்கத்து மருந்தகமும் தொலைவில்தான் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் முதல் நாள் பராமரிப்புக்குப் பிறகு, ஆறு வாரத்திற்குள் குறைந்தது மூன்று முறை தாயையும் சேயையும் பார்க்கச் சொல்கிறது; முடிந்தால் முதல் வாரத்தில் வீட்டுக்கே செல்லச் சொல்கிறது. சிங்கப்பூரிலும் 2016ல் தொடங்கிய கிட்ஸ்டார்ட் திட்டம், வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளுக்குச் செல்கிறது. இது புதிய யோசனையல்ல. கம்பத்துத் தாதிகள் விட்டுச் சென்ற பாடம்.

கட்டடம் எழுப்பினால் வசதி உள்ளவர் வருவார். வர முடியாதவரைத் தேடிப் போனால்தான் சேவை எல்லாருக்கும் சேரும். தாதிக்கு முன்பே போய்ச் சேரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர். உங்கள் மாடியில் புதிதாகப் பிள்ளை பெற்ற பெண் இருந்தால், பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, “நீ எப்படியம்மா இருக்கிறாய்?” என்று அவளையும் கேளுங்கள்.