வாக்குறுதிக்கு ஒரு தராசு

1920களில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் யான் டின்பெர்கன் என்றோர் இளைஞர் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். ஐன்ஸ்டைனின் நண்பரான பால் எஹ்ரன்ஃபெஸ்ட்தான் அவருக்கு ஆசான். மாணவரின் மனமோ சூத்திரங்களோடு நிற்கவில்லை. அந்த ஊர்த் தொழிலாளர் குடும்பங்களின் வறுமை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ராணுவச் சேவைக்கு மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்தார். அதற்கு மாற்றாக ராட்டர்டாம் சிறை நிர்வாகத்தில் வேலை கொடுத்தார்கள். பிறகு மத்தியப் புள்ளியியல் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். 1929-ல் அவர் முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வேடு பாதி இயற்பியல், பாதி பொருளாதாரம். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து விழுந்தது.

வேலையின்மை ஐரோப்பாவையே பிடித்து ஆட்டியது. 1935-ல் நெதர்லாந்தின் சமூக ஜனநாயகக் கட்சி, டின்பெர்கனையும் ஹைன் ஃபோஸ் என்ற பொறியாளரையும் வைத்து ‘உழைப்புத் திட்டம்’ ஒன்றைத் தீட்டியது. பொதுப்பணிகளில் அரசு பணத்தை இறக்கினால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்ன திட்டம் அது. ஆட்சியில் இருந்தவர்கள் அதைத் தொடவில்லை. டின்பெர்கன் விடாமல், ஒரு நாட்டின் முழுப் பொருளாதாரத்தையும் 24 சமன்பாடுகளுக்குள் அடக்கினார். நாணய மதிப்பைக் குறைப்பதே நல்ல வழி என்று அந்தச் சமன்பாடுகள் காட்டின. 1936 அக்டோபரில் அறிஞர் சபை ஒன்றில் அதை எடுத்துச் சொல்வதாக ஏற்பாடு. அதற்குச் சில வாரங்கள் முன்னால், செப்டம்பர் கடைசியில், அரசு தானாகவே தங்க நாணய முறையைக் கைவிட்டு நாணய மதிப்பைக் குறைத்துவிட்டது. காலம் முந்திக்கொண்டதால் அந்தச் சமன்பாடுகள் காகிதத்தோடு நின்றன. பிறகு போர் வந்தது, நாட்டை ஜெர்மானியப் படை பிடித்தது.

1945-ல் போர் முடிந்தபோது, பழைய கூட்டாளி ஹைன் ஃபோஸ் அமைச்சராக வந்து அமர்ந்தார். பொருளாதாரத்தையே திட்டமிட்டு நடத்தும் வலுவான அமைப்பொன்றை உருவாக்குவது அவர் கனவு. ‘மத்தியத் திட்ட அலுவலகம்’ பிறந்தது. டின்பெர்கன் அதன் முதல் இயக்குநர். ஆனால் 1947-ல் சட்டம் நிறைவேறுவதற்குள் அரசியல் காற்று திசை மாறிவிட்டது. ஆணையிடும் அதிகாரம் எதுவும் அந்த அலுவலகத்துக்குக் கிடைக்கவில்லை. கணக்கிடலாம், முன்கூட்டிச் சொல்லலாம், அவ்வளவுதான். ஃபோஸுக்கு அது பெருந்தோல்வி. அந்தத் தோல்விதான் பின்னாளில் எல்லாக் கட்சிகளும் அந்த வாசலுக்கு அச்சமில்லாமல் வரக் காரணமானது என்று நினைக்கிறேன். அதிகாரம் இருந்திருந்தால் அதைக் கைப்பற்றப் போட்டியிருந்திருக்கும். வெறும் கணக்கை யார் கைப்பற்றுவார்கள்?

1953 ஜனவரி 31 இரவு, வட கடல் கரைகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். இனி இப்படி நடக்கவே கூடாது என்று டெல்டா குழு அமைந்தது. கடலை அடைக்க எவ்வளவு செலவாகும், அடைக்காவிட்டால் எவ்வளவு இழப்பு என்று எடைபோடும் வேலையில் டின்பெர்கனும் பங்கேற்றார். கடலைப் பற்றிய அச்சம் முதல்முறையாக அந்த அலுவலகத்தின் கணக்கேட்டுக்குள் நுழைந்தது. ஆனால் தேர்தலில் கட்சிகள் கொடுக்கும் வாக்குறுதியை எடைபோடும் எண்ணம் யாருக்கும் தோன்ற இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1980களில் நாட்டில் மறுபடியும் வேலையின்மை. ஒவ்வொரு கட்சியும் தன் அறிக்கைதான் வேலை தரும் என்றது. எதிர்க்கட்சியின் கணக்கு ஓட்டை என்றது. 1986 மே மாதத் தேர்தலுக்கு முன் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, தொழிற்கட்சி, லிபரல் கட்சி ஆகிய மூன்று பெரிய கட்சிகளின் அறிக்கைகளும் திட்ட அலுவலகத்தின் மேசைக்குப் போயின. ஒரே அளவுகோலால் மூன்றையும் அளந்தார்கள்: பற்றாக்குறை எவ்வளவு, வேலை எத்தனை, வாங்கும் சக்தி என்ன ஆகும்? அந்தக் கணக்கில் காற்றுக்கும் நீருக்கும் இடமில்லை. தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் அணு உலை வெடித்தது.

புதிய அணுமின் நிலையங்களைப் பற்றிய முடிவை அரசு தள்ளிவைத்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ரூட் லூபர்ஸ் மறுபடியும் பிரதமரானார். 1988 டிசம்பரில் தேசிய பொது சுகாதார மற்றும் சுற்றுச்சூழல் நிறுவனம் ‘நாளைக்கான அக்கறை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. மண்ணும் நீரும் காற்றும் பிழைக்க வேண்டுமானால் பல மாசுகளை 70 முதல் 90 விழுக்காடு வரை குறைத்தாக வேண்டும் என்றது அது. அந்த மாதமே கிறிஸ்துமஸ் உரையில் ராணி பேயாட்ரிக்ஸ், பூமி மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது என்று நாட்டு மக்களிடம் பேசினார். அரண்மனையிலிருந்து அப்படியொரு சொல் வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஐந்து மாதத்துக்குள் அந்தச் சொல் ஓர் அரசையே சாய்த்தது.

சுற்றுச்சூழல் அமைச்சர் எட் நைபெல்ஸ் லிபரல் கட்சிக்காரர். தேசிய சுற்றுச்சூழல் கொள்கைத் திட்டத்தை அவர் தயாரித்துக்கொண்டிருந்தார். பணம் எங்கிருந்து வரும்? வேலைக்குப் போய்வரும் பயணச் செலவுக்கு வருமான வரியில் ஒரு கழிவு இருந்தது. காரில் போகிறவர்களுக்கு அதை நீக்கிவிடலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. ஏதோ ஒரு வரிச்சலுகைதானே என்று தோன்றும். காரில் வேலைக்குப் போகும் வாக்காளர்களை நம்பியிருந்த கட்சிக்கு அது உயிர்நாடி. நைபெல்ஸின் திட்டத்துக்கு எதிராக அவர் கட்சியின் நாடாளுமன்றக் குழுவே எழுந்தது. 1989 மே 2 அன்று லூபர்ஸ் அரசு கவிழ்ந்தது.

செப்டம்பர் தேர்தலில் லிபரல் கட்சி 27 இடங்களிலிருந்து 22-க்கு இறங்கியது. நான்கு சிறு கட்சிகள் சேர்ந்து அப்போதுதான் தொடங்கியிருந்த பசுமை இடதுசாரிக் கூட்டு 6 இடங்களைப் பிடித்தது. சுற்றுச்சூழல் வாக்கை நகர்த்தும் என்பது எல்லாக் கட்சிக்கும் புரிந்தது. அதன் பிறகு எல்லா அறிக்கைகளிலும் பச்சை வாக்கியங்கள் பூத்தன. அவற்றில் எது நிஜமாகக் காற்றைச் சுத்தமாக்கும், எது அழகுக்கு எழுதியது என்று பிரித்துச் சொல்ல ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

2008-ல் இயற்கையைக் கவனித்த அலுவலகத்தையும் நிலப்பயன்பாட்டைக் கவனித்த அலுவலகத்தையும் இணைத்து ‘பிபிஎல்’ என்ற சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அலுவலகத்தை உருவாக்கினார்கள். அடுத்த தேர்தலில் திட்ட அலுவலகத்தோடு கைகோத்து, கட்சிகளின் பருவநிலைக் கணக்கை அது போடுவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, 2010-ன் தொடக்கத்தில், ஒரு பழைய தவறு வெளியே வந்தது. நெதர்லாந்தின் 55 விழுக்காடு கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதாக ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2007 அறிக்கை சொல்லியிருந்தது. உண்மையில் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பது 26 விழுக்காடுதான். ஆற்று வெள்ளம் தாக்கக்கூடிய 29 விழுக்காட்டையும் கூட்டினால்தான் 55 வரும். அந்தத் தவறான வாக்கியத்தைக் கொடுத்தது யார் என்று தேடியபோது விரல் பிபிஎல் பக்கமே திரும்பியது.

கட்சிகளின் எண்களைச் சரிபார்க்க வேண்டிய அலுவலகமே எண்ணில் தவறியிருக்கிறது! அதை மூடி மறைக்க முயலாமல் பிபிஎல் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அரசு அந்த ஐ.நா. அறிக்கையின் வட்டாரப் பகுதிகளை மறுபடி சோதிக்கும் பொறுப்பையும் அதனிடமே கொடுத்தது. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. அந்தப் பரபரப்பு அடங்கவில்லை. பிப்ரவரியில் ஆஃப்கானிஸ்தானில் இருந்த படையைத் தொடர்ந்து அங்கே வைத்திருப்பது பற்றிய சண்டையில் அரசு கவிழ்ந்தது. தேர்தல் ஜூன் 9 என்றார்கள். கணக்குப் போடச் சில வாரங்களே மிச்சம்.

ஒன்பது கட்சிகளின் அறிக்கைகள் வந்தன. இந்த வேலையின் அடிப்படை விதி எளிமையானது, இரக்கமற்றதும்கூட. ‘பாதியாகக் குறைப்போம்’ என்று ஒரு கட்சி எழுதினால் அதற்கு மதிப்பெண் இல்லை. எந்த வரி, எவ்வளவு மானியம், எதற்குத் தடை, எந்த ஆண்டிலிருந்து என்று சொன்னால்தான் கணக்குக்குள் வரும். யாரும் எதையும் மாற்றாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று முதலில் ஒரு பாதை வரைவார்கள். கட்சியின் நடவடிக்கை அந்தப் பாதையை எவ்வளவு வளைக்கிறது என்று பார்ப்பார்கள். நிலக்கரி நிலையத்தை மூடுகிறேன் என்றால், அந்த மின்சாரம் ஜெர்மனியின் நிலக்கரியிலிருந்து வந்து சேருமா என்ற கேள்வியும் உண்டு. 2010 மே மாதம் வெளிவந்த அறிக்கையில், பற்றாக்குறைக்கும் வேலைவாய்ப்புக்கும் பக்கத்தில், ஆற்றலும் பருவநிலையும் சேர்ந்தே அச்சாகியிருந்தன. கட்சிகளின் பருவநிலைக் கொள்கையை ஒன்றோடொன்று ஒப்பிட, தேர்தலுக்கு முன் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இன்று போடும் அட்டவணைகளுக்கு மூலப்பொருள் இந்த வழியாகத்தான் வந்தது.

2012-ல் பத்துக் கட்சிகள் வந்தன. 2015 ஜூனில் அர்ஜெண்டா அமைப்பும் 886 குடிமக்களும் தொடுத்த வழக்கில், 2020-க்குள் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தை 1990-ன் அளவிலிருந்து குறைந்தது 25 விழுக்காடு குறைத்தாக வேண்டும் என்று தி ஹேக் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே 2019 ஜூனில் வெளிவந்த தேசியப் பருவநிலை ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தைகளுக்குத் தலைமை ஏற்றிருந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் சொந்தக் கட்சியே காலை வாரிய அதே எட் நைபெல்ஸ்.

தராசுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு: வந்து நிற்பவர்களை மட்டுமே அதனால் எடைபோட முடியும். 2017 தேர்தலுக்கு கேர்ட் வில்டர்ஸின் சுதந்திரக் கட்சி ஒரே பக்கத்தில் அறிக்கை வெளியிட்டது. காற்றாலைகளுக்கு இனிப் பணமில்லை என்பது அதில் ஒரு வரி. கணக்குப் போட அதை யாரிடமும் கொடுக்கவில்லை. 20 இடங்களோடு இரண்டாவது பெரிய கட்சியானது. 2023 தேர்தலுக்கும் அது கணக்குக்கு வரவில்லை. நவம்பர் 22 இரவு வாக்குகளை எண்ணி முடித்தபோது, 37 இடங்களோடு நாட்டின் முதல் கட்சியாக நின்றது அதுதான்.